கைமாறிச் செல்லும் வாக்கு



பெண்கள் மதரஸா ஒன்றில் பல ஆண்டுகளாகத் தமிழும் பொது அறிவும் கற்பித்து வருபவன் நான். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. ஆகவே நாட்டு நடப்பு பற்றி மாணவியர் எதைக் கேட்டாலும் விடை சொல்லிவிடலாம் என்ற துணிவு எனக்கு எப்போதும் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் ஒரு நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"உஸ்தாத், கவிஞர் சல்மா எம்.பி. ஆகிவிட்டார்கள் என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் வாப்பாவும் உம்மாவும் ஓட்டுப் போடவே போகவில்லையே! அவருக்கு யார் ஓட்டுப் போட்டது?"

"அது மாநிலங்களவைத் தேர்தல் அம்மா. அதில் மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்கள்தாம் நமக்காக வாக்களிப்பார்கள்" என்றேன்.

"அப்படியானால் நம் ஊர் எம்.எல்.ஏ. ஓட்டுப் போட்டாரா?"

நான் சற்றுத் தயங்கினேன். ஏனெனில் அம்முறை தமிழகத்தில் காலியான இடங்கள் ஆறு. களத்தில் எஞ்சிய வேட்பாளர்களும் ஆறு பேர். இடங்களும் வேட்பாளர்களும் சமமாக இருந்தால் வாக்குப்பதிவே நடைபெறாது. அனைவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்படுவர். இதைச் சொன்னதும் அச்சிறுமி, "அப்படியானால் யாருமே ஓட்டுப் போடாமல் எம்.பி. ஆகலாமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. "நாளை விரிவாகச் சொல்கிறேன்" என்று கூறி அன்றைய பாடத்தை முடித்துக் கொண்டேன்.

அவளுடைய கேள்விக்கு விடை கூறுவது கடினமன்று. ஆனால் பிறருக்காக ஒருவன் வாக்களிப்பது என்ற பேச்சு எழுந்தவுடன், இருபத்தைந்து ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தி என் நெஞ்சில் வந்து நின்றது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அச்சிறுமிக்கு மறுநாள் நான் கூறிய விளக்கத்தை உங்களுக்கும் கூறிவிடுகிறேன்.

கலைக்கப்படாத அவை

நம் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உள்ளன. மக்களவைக்கு நாமே நேரில் சென்று வாக்களிக்கிறோம். மாநிலங்களவையோ 1952ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அமைக்கப்பட்டு, அதே ஆண்டு மே 13ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. இன்று அதன் இடங்கள் 245. அவற்றுள் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். எஞ்சிய 233 பேரை மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும், சட்டமன்றம் உள்ள சில ஒன்றியப் பகுதிகளின் உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழ்நாட்டுக்கு உரிய இடங்கள் 18, புதுச்சேரிக்கு ஒன்று. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அதனால் இந்த அவை ஒருபோதும் முழுமையாகக் கலைவதில்லை.

கலையாத அவையினால் என்ன பயன் என்று கேட்கலாம். 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. தமிழகத்திலோ அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. அதை நீட்டிப்பதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மக்களவை இல்லாத அந்த வேளையில் மாநிலங்களவை மட்டும் கூடி, அந்த ஒப்புதலை வழங்கியது. நம் மாநிலத்தின் ஆட்சி பற்றிய முடிவு, நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத அவையின் கையில் இருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. அது நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது. வரதட்சணைத் தடை மசோதாவின் சில பகுதிகளில் இரு அவைகளும் கருத்து மாறுபட்டன. மாநிலங்களவை தன் திருத்தங்களை விட்டுக் கொடுக்கவில்லை. அதனால் 1961 மே மாதத்தில் இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து முடிவு காண வேண்டியதாயிற்று. சுதந்திர இந்தியாவில் நடந்த முதல் கூட்டு அமர்வு அதுவே. நம் பெண்மக்களின் திருமணத்தைத் தொடும் ஒரு சட்டத்திற்காக, மறைமுகமாகத் தேர்வானவர்கள் அத்தனை உறுதி காட்டியிருக்கிறார்கள்.

கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1952 முதல் 1958 வரை சென்னை மாநிலத்தின் சார்பில் இதே அவையில்தான் அமர்ந்திருந்தார்கள். அன்று அவர்களை அனுப்பியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் நேரடியாக வாக்களித்து அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். ஒரே மனிதர் இரண்டு வழிகளிலும் சென்றிருக்கிறார்கள். ஆகவே மறைமுகத் தேர்தல் என்பதைக் குறுக்கு வழி என்று எண்ணிவிடலாகாது.

முப்பத்து நான்கின் கணக்கு

இத்தேர்தலில் வாக்களிக்கும் முறையே வேறு. வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. யாரை முதலில் விரும்புகிறோமோ அவர் பெயருக்கு எதிரே 1 என்றும், அடுத்து விரும்புகிறவருக்கு 2 என்றும் எண்ணால் எழுத வேண்டும். இந்திய மொழி எதன் எண்ணிலும் எழுதலாம். நம் தமிழ் எண்ணாகிய ௧ என்று எழுதினாலும் செல்லும். எழுத்தால் 'ஒன்று' என்று எழுதினால் செல்லாது. தேர்தல் அதிகாரி கொடுக்கும் எழுதுகோலையே பயன்படுத்த வேண்டும்.

தமிழகச் சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்து, அனைவரும் வாக்களித்தால், முதல் சுற்றிலேயே வெற்றி பெற 34 வாக்குகள் வேண்டும். "ஆறு பேருக்குத்தானே தேர்தல்? ஆறால் வகுத்தால் 39 அல்லவா வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஏழு பேர் தலா 33 வாக்குகள் பெற்றால் மொத்தம் 231. இது நடக்கக் கூடியது. அப்போது ஆறு இடங்களுக்கு ஏழு பேர் வந்து நிற்பார்கள். ஏழு பேர் தலா 34 பெற வேண்டுமானால் 238 வாக்குகள் தேவை. அத்தனை வாக்குகளே இல்லை. ஆகவே 34 பெறக் கூடியவர்கள் ஆறு பேரே. அதனால்தான் இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, ஏழால் வகுக்கிறார்கள்.

ஒருவருக்குத் தேவைக்கு மேல் வாக்குகள் கிடைத்தால், மிகுந்த பங்கு வீணாவதில்லை. அது இரண்டாம் விருப்பமாகக் குறிக்கப்பட்டவருக்குச் செல்லும். மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட்டால், அவருக்கு வந்த சீட்டுகளும் அவ்வாறே அடுத்தவருக்கு மாறும். இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர். சிறிய கட்சிக்கும் அதன் வலிமைக்கேற்ற இடம் கிடைக்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம்.

இங்கே ஒவ்வொரு வாக்கிற்கும் உள்ள எடையைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 8ஆம் நாள் குஜராத்தில் மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் 176 பேர். அந்தக் கணக்கில் வெற்றிக்கு 45 வாக்குகள் வேண்டும். ஆனால் இரண்டு உறுப்பினர்கள் தங்கள் வாக்குச்சீட்டைக் காட்டக் கூடாத ஒருவரிடம் காட்டிவிட்டதாகப் புகார் எழுந்தது. தேர்தல் ஆணையம் ஒளிப்பதிவைப் பார்த்து, நள்ளிரவு நேரத்தில் அவ்விரு வாக்குகளையும் செல்லாதவை என்று அறிவித்தது. 176 என்பது 174 ஆயிற்று. தேவையான வாக்கு 45 என்பது 44 ஆயிற்று. காங்கிரஸ் வேட்பாளர் அஹ்மத் படேல் பெற்ற வாக்குகள் சரியாக 44. அவர் வென்றார்.

2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தில் நடந்ததும் வியப்பானது. 68 உறுப்பினர்கள் வாக்களித்தனர். இருவருக்கும் தலா 34. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். யார் பெயர் வந்ததோ அவர் வென்றார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, பெயர் வந்தவர் தோற்றவராக அறிவிக்கப்பட்டார். ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் தம் கட்சி வேட்பாளருக்கு எதிராக வாக்களித்ததே அந்தச் சமநிலைக்குக் காரணம்.

இந்த ஆறு பேரைப் பற்றி நான் வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்தபோது, "தங்களை அனுப்பியவர்களிடம் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் உஸ்தாத்?" என்று அதே சிறுமி கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் கொண்டு சென்ற வாக்கு

2000ஆம் ஆண்டு. நான் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் கல்லூரியில் மாணவர் மன்றச் செயலாளரை எல்லா மாணவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்; அந்த 27 பிரதிநிதிகளும் கூடிச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பர். என் வகுப்பில் 52 பேர். அவர்கள் என்னைப் பிரதிநிதியாக அனுப்பினார்கள்.

போட்டியிட்ட இருவரில் ஒருவன் பொருளியல் வகுப்புப் பிரதிநிதி, என் நண்பன். பீடி சுற்றும் தாயின் மகன். கல்லூரி நூலகம் மாலை நான்கு மணிக்கே பூட்டப்படுவதை மாற்றி, ஆறு மணி வரை திறந்து வைக்கச் செய்வேன் என்பது அவன் தந்த ஒரே வாக்குறுதி. புத்தகம் வாங்க வழியில்லாத எங்களுக்கு அது பெரிய செய்தி. என் வகுப்பினர் கை உயர்த்தி, அவனுக்கே வாக்களிக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியனுப்பினர்.

மற்றவன் வசதியான வீட்டுப் பிள்ளை. தேர்தலுக்கு முதல் நாள் மாலை எங்களில் சிலரைப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்றான். பிரியாணி வந்தது. சிரிப்பும் கேலியுமாக நேரம் போயிற்று. புறப்படும் வேளையில் அவன் என்னைத் தனியே அழைத்தான். தேர்வுக் கட்டணம் கட்ட இரண்டே நாள்கள் இருந்தன. என்னிடம் பணம் இல்லை என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "கடனாக வைத்துக் கொள்" என்று சட்டைப் பையில் திணித்தான். வாக்கைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் இரகசிய வாக்கெடுப்பு. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். முடிவு 14க்கு 13. என் நண்பன் ஒரே வாக்கில் தோற்றான்.

வகுப்பிற்குத் திரும்பியபோது எல்லாரும் சூழ்ந்து கொண்டார்கள். "நாம் சொன்னபடிதான் போட்டேன். மற்ற வகுப்புக்காரர்கள் காலை வாரிவிட்டார்கள்" என்றேன். ஒருவரும் ஐயுறவில்லை. நான் படிப்பை முடித்து வெளியேறும் வரை நூலகம் நான்கு மணிக்கே பூட்டப்பட்டது.

எவரிடம் காட்டுவது?

சகோதரர்களே! சட்டமன்ற உறுப்பினர்களும் மனிதர்கள்தாம். 2012ஆம் ஆண்டு ஜார்க்கண்டில் மாநிலங்களவைத் தேர்தல் நாளன்று, வாகனம் ஒன்றில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் பணம் பிடிபட்டது. தேர்தல் ஆணையம் அத்தேர்தலையே விலக்கி மீண்டும் நடத்தச் செய்தது. அந்தத் தேர்தல் தொடர்பான ஒரு வழக்கில்தான், அவையில் பேசுவதற்கோ வாக்களிப்பதற்கோ இலஞ்சம் பெறும் உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, மாநிலங்களவைத் தேர்தல் வாக்கும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இத்தகைய பேரங்களைத் தடுப்பதற்காகவே 2003ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, வெளிப்படையான வாக்களிப்பு கொண்டுவரப்பட்டது. ஒரு கட்சியின் உறுப்பினர் தம் சீட்டைப் பெட்டியில் போடுமுன் தம் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். சுயேச்சை உறுப்பினர் எவரிடமும் காட்டலாகாது. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. அதே வேளையில், கட்சி சொன்னதற்கு மாறாக இத்தேர்தலில் வாக்களித்ததற்காக மட்டும் ஓர் உறுப்பினர் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி இழக்க மாட்டார் என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாக்கப்பட்டது.

சட்டம் நல்ல நோக்கத்துடன் வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சீட்டைப் பார்க்கும் உரிமை கட்சியின் முகவருக்கு உண்டு. அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய நமக்கு? காட்டும்படி சட்டம் சொல்லவில்லை. கேட்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. அவரும் நம்மிடம் வந்து சொல்வதில்லை. நான் என் வகுப்பிற்குத் திரும்பிச் சென்று பொய்யாவது சொன்னேன். அவர்களுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை.

நண்பன் கேட்ட கேள்வி

வகுப்பில் அச்சிறுமி கேள்வி கேட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. என் பழைய நண்பன் தன் இளைய மகளை எங்கள் மதரஸாவில் சேர்க்க வந்தான். இப்போது அவன் சிறிய நகலகம் ஒன்று நடத்துகிறான். நரைத்த தாடி. சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொண்டிருந்தபோதே என் வாய் தானாகப் பேசிற்று.

"அன்று கல்லூரித் தேர்தலில் நான் உனக்கு வாக்களிக்கவில்லை."

அவன் நிமிரவில்லை. மகளின் பிறந்த தேதியை எழுதி முடித்தான். பிறகு சொன்னான்: "தெரியும். எனக்கு விழுந்தவை 13. ஒன்று என்னுடையது. மற்றப் பன்னிரண்டு பேரும் அன்று மாலையே வந்து, 'நான் உனக்குத்தான் போட்டேன்' என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் வரவில்லை."

"இத்தனை ஆண்டுகள் ஏன் கேட்கவில்லை?"

"நான் ஏன் கேட்க வேண்டும்? அது எனக்குரிய வாக்கா? உன் வகுப்பில் ஐம்பது பேர் கொடுத்தனுப்பியது. அவர்களிடம் சொன்னாயா?"

நான் பேசாமல் இருந்தேன். அவன் படிவத்தை என்னிடம் நீட்டி, கட்டணம் எவ்வளவு என்று கேட்டான்.

அன்றிரவு, எங்கள் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். அக்குழுவில் இருப்பவர்கள் முப்பத்தொரு பேர். ஒருவர் சிரிப்புப் படம் போட்டார். இருவர், "பழைய கதை, விடு" என்றனர். நூலகம் பூட்டியபின் வராந்தா விளக்கில் அமர்ந்து படித்த ஒருவர் மட்டும் இன்று வரை மறுமொழி எழுதவில்லை. அவர் எழுதாததை நான் குறையாகக் கொள்ளவில்லை.

நாம் செய்யக் கூடியது

அன்பு வாசகர்களே! சட்டமன்றத் தேர்தலில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது ஒரு வாக்கை அல்ல, இரண்டு வாக்குகளை அளிக்கிறீர்கள். ஒன்று உங்கள் தொகுதிக்கு. மற்றொன்றை அந்த உறுப்பினரின் கையில் கொடுத்து, தில்லிக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யச் சொல்கிறீர்கள். முதல் வாக்கிற்குச் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று கணக்குக் கேட்கிறோம். இரண்டாவது வாக்கைக் கொடுத்தோம் என்பதே நம்மில் பலருக்கு நினைவில்லை.

வாக்குக் கேட்டு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது, வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் நின்றாவது ஒரு கேள்வி கேளுங்கள்: "மாநிலங்களவைக்கு எப்படிப்பட்டவரை அனுப்புவீர்கள்?" வென்ற பின்னும் கேளுங்கள்: "யாருக்கு முதல் வாக்களித்தீர்கள், ஏன்?" வாக்குப்பதிவே நடைபெறாவிட்டாலும், ஒருவரை முன்மொழிந்தவர்கள் யார் என்று கேட்கலாம், கட்சி வேட்பாளராயினும் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்மொழியாமல் எவரும் களத்தில் நிற்க முடியாது. நம் மாநிலத்தின் 18 உறுப்பினர்கள் யார் எவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அதை மாநிலத்தின் எந்த மாவட்டத்திற்கும் அவர்கள் பரிந்துரைக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நூலகக் கட்டடம் வேண்டுமானால் அவர்களுக்கும் மனு எழுதலாம்.

அச்சிறுமிக்கு நான் கடைசியாக அளித்த விடை இதுதான்: "உன் வாப்பாவும் உம்மாவும் ஓட்டுப் போட்டார்கள் அம்மா. 2021ஆம் ஆண்டிலேயே, சட்டமன்றத் தேர்தலில், போட்டுவிட்டார்கள். அதை இன்னொருவர் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்."

அவள் சற்று நேரம் யோசித்தாள். "கொடுத்தது அவர்களுக்கு ஞாபகம் இருக்குமா உஸ்தாத்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்க் கேட்டு வா" என்றேன். மறுநாள் வந்து, வாப்பாவுக்கு நினைவில்லை, உம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றாள். இந்த இதழ் அவர்கள் வீட்டிற்கும் வருகிறது என்று அறிந்தேன். அதனால்தான் இதை எழுதினேன்.